எதிர்ப்பொருளுக்கு ஜாமீன் நிற்பது யார்? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற மாதம் தடுப்பூசி பற்றிய ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுகையில், "இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைந்தால் எதிர்ப்பொருளும் சரிவர உண்டாகாது" என்று ஒரு வரியை விளக்கம் தராமல் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை எனக்குத் தரப்பட்ட பக்கங்கள் முழுவதையும் இதற்கே செலவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். எதிர்ப்பொருள் கிருமியைப் பிடித்துக்கொள்ளும், பின்னர் காம்ப்ளிமென்ட் வந்து அதில் துளையிட்டுக் கொல்லும் என்றுதான் படித்தேன். அப்படியேதான் சொல்லியும் கொடுத்தேன். நீங்களோ எதிர்ப்பொருள் உண்டாவதற்கே காம்ப்ளிமென்ட் வேண்டும் என்கிறீர்கள். பின்னால் வருவது முன்னால் நிற்பதை எப்படி உண்டாக்கும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மோல்மீன்)

பதில்: அம்மா, நீங்கள் நடத்திய பாடம் பிழையன்று, அதற்கு ஒரு முன்பாதி உண்டு என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. 1890களில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய பெல்ஜியரான ஜூல் போர்தே, நோயெதிர்ப்பு பெற்ற விலங்கின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, 55 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கிருமியைக் கரைக்கும் அதன் ஆற்றல் போய்விடுவதையும், சாதாரண விலங்கின் புதுச் சீரம் சிறிது சேர்த்ததும் அந்த ஆற்றல் திரும்புவதையும் கண்டார். சூட்டைத் தாங்கி நின்றது எதிர்ப்பொருள்; தாங்காமல் அழிந்தது வேறொன்று. எதிர்ப்பொருளின் வேலையை நிறைவு செய்வது என்ற பொருளில் அந்த வேறொன்றுக்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தவர் ஜெர்மனியின் பால் ஏர்லிக். போர்தேக்கு 1919ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெயரே அப்படி அமைந்துவிட்டதால், எதிர்ப்பொருளுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் எடுபிடி என்ற எண்ணமும் அதனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எது முதலில் என்பதே உங்கள் கேள்வியின் உயிர்நிலை. காம்ப்ளிமென்ட் விழித்தெழுவதற்கு, குறிப்பிட்ட கிருமிக்கென்றே உருவான எதிர்ப்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது கிளம்புவதற்கு மூன்று வழிகள் உள்ளன. கிருமியின் மேலுள்ள சில சர்க்கரைகளை இரத்தத்தில் உள்ள லெக்டின் என்னும் புரதங்கள் தொட்டுணர்ந்து அதைக் கிளப்பிவிடுவது ஒரு வழி. சி3 என்ற நடுநாயகமான புரதம் எப்போதும் தானாகவே சிறிது சிறிதாக உடைந்துகொண்டிருக்க, நம்முடைய செல்களின் மேல் விழுந்த துண்டுகளை நம் செல்களே அடக்கிவிடுவதும், அடக்க ஆளில்லாத அயல் மேற்பரப்பில் விழுந்தவை பெருகிவிடுவதும் இன்னொரு வழி. மூன்றாவதுதான் நீங்கள் நடத்திய எதிர்ப்பொருள் வழி. அதிலுங்கூட, எந்த நோயும் தடுப்பூசியும் வருவதற்கு முன்பே நம் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும் ஐஜிஎம் என்னும் இயல்பான எதிர்ப்பொருள்கள், கிருமியைத் தளர்வாகப் பிடித்தாலும் காம்ப்ளிமென்டை வலுவாக அழைத்துவிடுகின்றன. ஆகவே முதல் நாளே காம்ப்ளிமென்ட் களத்தில் இருக்கிறது; திறமான எதிர்ப்பொருள் வந்து சேர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிறது.

இனி சி3 செய்யும் வேலையைப் பார்ப்போம். இந்தப் புரதத்தின் உள்ளே, மடித்து மறைத்து வைத்த கொக்கி போல ஒரு வேதிப்பிணைப்பு இருக்கிறது. சி3 வெட்டுப்பட்டவுடன் அந்தக் கொக்கி வெளியே வந்து, நொடியின் மிகச் சிறிய ஒரு பகுதிக்குள் அருகில் இருக்கும் மேற்பரப்பைக் கவ்வ வேண்டும். தவறினால் நீரோடு சேர்ந்து வீணாகிவிடும். கவ்விவிட்டதோ, பசை போல ஒட்டுவதன்று, இறுகிய வேதிப்பிணைப்பாகவே நின்றுவிடும். இப்படி ஒட்டிய துண்டுக்குச் சி3பி என்று பெயர். பின்னர் ஃபாக்டர் ஐ என்னும் நொதி அதைப் படிப்படியாக நறுக்கும்போது, கிருமிகளைத் துளைக்கும் வேலையைத் தொடர இயலாத சிறு துண்டுகள் எஞ்சுகின்றன. அவற்றுள் சி3டிஜி, சி3டி என்பவை ஆன்டிஜெனின் மேல், அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் அந்த அயற்பொருளின் மேல், விலகாமல் ஒட்டியே கிடக்கின்றன. போர் முடிந்த களத்தில் கிடக்கும் வெற்றுத் தோட்டா என்று இவற்றை நீண்ட காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். உண்மையில், எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல் தேடுவது இந்த எச்சத்தைத்தான். அதைப் பிடிப்பதற்கென்றே பி செல்லின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. அதன் பெயர் சிஆர்2. சிடி21 என்றும் எழுதுவார்கள்.

இந்த ஏற்பி என்ன செய்கிறது என்பதை விளக்க, என் தாத்தாவின் தொழிலிலிருந்து ஓர் உவமை எடுத்துக்கொள்கிறேன். அவர் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். டெல்டாவிலிருந்து நெல் விவசாயி ஒருவர் கடன் கேட்டு வந்தால், அவர் ஈடாகக் காட்டும் நிலத்தின் அளவைப் பார்த்துத்தான் பணம் பெயரும். ஆனால் ஊரறிந்த ஒருவர் கூடவே வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டால், ஈடு மிகக் குறைவாக இருந்தாலும் பெட்டி திறக்கும். ஜாமீன்தாரர் மட்டும் தனியே வந்து நின்றால் யாரும் கடன் தரமாட்டார்கள். கடன் கேட்பவரும் அவரும் ஒரே புரோநோட்டில் கையெழுத்திட வேண்டும்.

பி செல் நடந்துகொள்வதும் இப்படித்தான். ஒவ்வொரு பி செல்லிலும் அதற்கே உரிய ஆன்டிஜென் ஏற்பி ஒன்று உண்டு. அது அயற்பொருளின் வடிவத்தைப் பிடிக்கிறது. அதே அயற்பொருளின் மேல் சி3டி ஒட்டியிருந்தால், அந்தச் சி3டியைச் சிஆர்2 பிடிக்கிறது. இரண்டு ஏற்பிகளும் ஒரே பொருளால் ஒன்றாக இழுத்துக் கட்டப்படுகின்றன. சிஆர்2க்குத் தனியாகச் செல்லுக்குள் செய்தி அனுப்பும் வலிமை கிடையாது. அதன் வால் மிகக் குட்டையானது. ஆனால் அது தன்னோடு சிடி19, சிடி81 என்னும் இரண்டு கூட்டாளிகளை வைத்திருக்கிறது. சிடி81 இல்லாவிட்டால் சிடி19 செல்லின் மேற்பரப்புக்கே ஒழுங்காக வந்து சேராது. சிடி19இன் நீண்ட வால்தான் செல்லுக்குள் நீண்டிருந்து, ஆன்டிஜென் ஏற்பி எழுப்பும் மெல்லிய குரலை உரத்த குரலாக மாற்றுகிறது. 1992இல் ராபர்ட் கார்ட்டர், டக்ளஸ் ஃபியரன் இருவரும் மனித பி செல்களில் செய்து காட்டியது இதைத்தான்: சிடி19ஐயும் சேர்த்துக் கட்டினால், பி செல் தூண்டப்படுவதற்குத் தேவையான ஆன்டிஜென் ஏற்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நூறு ஏக்கர் ஈடு கேட்ட இடத்தில் ஓர் ஏக்கர் போதும் என்றால், ஜாமீனின் மதிப்பு விளங்கும்.

இந்த ஏற்பாடு ஏன் இருக்க வேண்டும் என்று நானே பல நாள் யோசித்திருக்கிறேன். தொற்றின் தொடக்கத்தில் அயற்பொருள் மிகச் சிறிதளவே இருக்கும். அதைப் பிடிக்கக்கூடிய பி செல்களும் கோடியில் ஒன்றிரண்டு போல அரிதாகவும், பிடிப்பில் தளர்வாகவும் இருக்கும். தூண்டப்படும் எல்லையை எப்போதும் தாழ்த்தியே வைத்தால், உடம்பின் சொந்தப் பொருள்களைக் கண்டும் பி செல்கள் கிளம்பிவிடும். உயர்த்தியே வைத்தால் கிருமி பெருகியபின்தான் விழிக்கும். எல்லையை உயர்த்தியே வைத்துக்கொண்டு, காம்ப்ளிமென்ட் முத்திரை பதிந்த பொருளுக்கு மட்டும் தாழ்த்துவது இரண்டு இடரையும் ஒருசேரத் தவிர்க்கிறது.

சிஆர்2இன் வேலை இதோடு நிற்பதில்லை; என் கணிப்பில் இதனினும் பெரிய வேலை இனிமேல்தான் இருக்கிறது. நிணநீர் முடிச்சின் ஓரத்தில் வந்து சேரும் காம்ப்ளிமென்ட் ஒட்டிய ஆன்டிஜெனை, முதலில் அங்கே காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் பிடித்து வைக்கின்றன. அந்த வழியே போகும் பி செல்கள், அந்த ஆன்டிஜெனோடு தமக்கு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், தம் காம்ப்ளிமென்ட் ஏற்பிகளால் அதை வாங்கிக்கொண்டு முடிச்சின் உட்பகுதிக்குச் சுமந்து செல்கின்றன. அங்கே கிளை விரித்து நிற்கும் ஃபாலிக்குலர் டென்ட்ரிட்டிக் செல்கள், தம் மேலுள்ள சிஆர்1, சிஆர்2 ஏற்பிகளால் அந்தச் சுமையை இறக்கி வாங்கி, செரித்துவிடாமல் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அப்படியே வைத்திருக்கின்றன. பி செல்கள் இந்தச் செல்களைச் சுற்றித்தான் முளை மையம் என்னும் பட்டறையை அமைக்கின்றன. அங்கே பி செல்கள் தம் எதிர்ப்பொருளின் மரபுக் குறிப்பைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிப் பார்த்து, கிளைகளில் தொங்கும் ஆன்டிஜெனை மற்றவற்றைவிட இறுக்கமாகப் பிடிக்க முடிந்தவை பிழைக்க, முடியாதவை மடிகின்றன. உரைத்துப் பார்க்கக் கல் இல்லாமல் பொன்னின் மாற்றை எப்படி அறிவது? அந்த உரைகல்லைக் களத்தில் வைத்திருப்பது காம்ப்ளிமென்ட் ஏற்பிதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இந்த ஆய்வுகளில் பல எலிகளில் நடந்தவை. எலியில் சிஆர்1, சிஆர்2 இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து பிறக்கின்றன. ஆகவே அந்த மரபணுவை நீக்கினால் இரண்டும் ஒருசேரப் போய்விடும். நமக்கோ முதலாம் குரோமோசோமில் அவை தனித்தனி மரபணுக்கள். 1996இல் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் எதிர்ப்பொருள் வெகுவாகக் குறைந்ததைக் கண்டார்கள். சிஆர்2 இல்லாமல் பிறந்த மனிதர்கள் மிக மிக அரிது; அவர்களிடம் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் வகையின் இரத்த அளவும் நினைவு பி செல்களும் குறைந்திருந்தாலும், நோய் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. சிடி19 இல்லாதவர்களுக்கோ தொல்லை அதிகம். அந்தக் குறைபாடு 2006இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஜாமீன் இல்லாமலும் சில கடன்கள் பெயரத்தான் செய்கின்றன என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டாக்டர் ஐயா, நல்ல பாம்பின் விஷத்தை வைத்துத்தான் இதையெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்று என் மருமகன் சொல்கிறார். எங்கள் வயலில் அறுப்புக் காலத்தில் பாம்புக்குப் பஞ்சமில்லை. விஷத்தால் இப்படியும் ஒரு பயன் உண்டா?
(நெல் விவசாயி, பெகு அருகே)

பதில்: மருமகன் சொன்னது உண்மை. நாகப்பாம்பின் விஷத்தில், நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சோடு, சி3பியைப் போலவே உருவம் தாங்கிய ஒரு புரதமும் இருக்கிறது. அதற்குக் கோப்ரா வெனம் ஃபாக்டர் என்று பெயர்; நம் நாட்டு வயல்களில் திரியும் ஒற்றைக்கண் நாகத்தின் விஷத்திலிருந்தும் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். நம் உடம்பில் சி3பி தன் கூட்டாளியோடு சேர்ந்து சி3ஐ வெட்டும் கத்தியாக மாறும்போது, அந்தக் கத்தி ஒன்றரை நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். போதாக்குறைக்கு அதை முறித்துப் போடக் காவல் புரதங்களும் உண்டு. பாம்பின் புரதத்தால் அமைந்த கத்தியோ காவலுக்கு அடங்காது. அது பாதியாகச் சிதைவதற்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். அதுவரை ஓயாமல் சி3ஐ வெட்டிக்கொண்டே இருப்பதால், சிறிதளவு செலுத்தினாலே விலங்கின் இரத்தத்தில் உள்ள சி3 சில மணி நேரத்தில் தீர்ந்து, சில நாள்களுக்குத் தலையெடுப்பதில்லை.

இதைக் கருவியாகப் பயன்படுத்தியவர் மார்க் பெப்பிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர். 1972இலும் 1974இலும் அவர் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படிச் சி3 வற்றிய எலிகளுக்கு அயற்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, பி செல்களுக்குத் துணை நிற்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களின் உதவி தேவைப்படும் ஆன்டிஜென்களுக்கு எதிர்ப்பொருள் வெகுவாகக் குறைந்திருந்தது. எதிர்ப்பொருளின் வேலைக்காரன் என்று எண்ணியிருந்த ஒன்றை அகற்றினால் எதிர்ப்பொருளே குறைகிறது என்று முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியது இந்தச் சோதனைதான். மரபணுவை நீக்கிய எலிகள் வருவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே ஒரு பாம்பு அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாகம் கடித்தால் உயிரைப் பறிப்பது இந்தப் புரதமன்று. இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சுத் தசைகள் தளர்ந்து போகச் செய்யும் நரம்பு நஞ்சுதான். நம் வயல்களில் அதிகமாகக் கடிக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சோ இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. எதுவானாலும் கட்டுப்போடுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது என்று நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தும், சிறிது சிறிதாக விஷம் செலுத்திப் பழக்கிய குதிரையின் பி செல்கள் உண்டாக்கிய எதிர்ப்பொருள்தான்.

கேள்வி: சயா, நான் மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். பி செல்லின் மேல் இப்படியோர் ஏற்பி இருப்பதைக் கண்ணால் காணாமல் எப்படி நம்பினார்கள்?
(மாணவர், யாங்கூன்)

பதில்: தம்பி, கண்ணால் கண்டுதான் நம்பினார்கள். 1970இல் பியாங்கோ, பேட்ரிக், நுசன்ஸ்வைக் ஆகிய மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செம்மறியாட்டின் சிவப்பணுக்களின் மேல் எதிர்ப்பொருளையும் காம்ப்ளிமென்டையும் பூசி, அவற்றை வெள்ளணுக்களோடு கலந்து வைத்தார்கள். என் மாணவப் பருவத்தில் இதே சோதனையை என் ஆசிரியர் செய்து காட்டினார். நுண்ணோக்கியில் கண் வைத்தபோது, பெரும்பாலான வெள்ளணுக்கள் தனியே மொட்டையாகக் கிடக்க, சிலவற்றைச் சுற்றி மட்டும் எட்டுப் பத்துச் சிவப்பணுக்கள் இதழ் போல ஒட்டி, நடுவே வெளிறிய ஒரு வட்டத்தோடு சின்னஞ்சிறு பூவாக நின்றன. கண்ணாடித் தகட்டை லேசாகத் தட்டினால் பூ ஆடியதே தவிர இதழ் உதிரவில்லை. காம்ப்ளிமென்ட் பூசாத சிவப்பணுவை வைத்துச் செய்தபோது அந்தப் பூக்கள் தோன்றவில்லை. பூத்தவை பி செல்கள். மொட்டையாக நின்றவற்றுள் பெரும்பாலானவை டி செல்கள்.

கேள்வி: என் பேரனுக்கு நிமோனியாவுக்கான தடுப்பூசியைக் கைக்குழந்தையிலேயே பல தவணையாகப் போட்டார்கள். எனக்குப் போட்டதோ வேறு ஊசி, ஒரே ஒரு தடவை. ஒரே நோய்க்கு ஏன் இரண்டு ஊசி?
(பாட்டி, சிரியம்)

பதில்: அம்மா, இது நம் விஷயத்தின் நடுவிலேயே வந்து விழும் கேள்வி. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமி, நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஓர் உறையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. வெறும் சர்க்கரையை டி செல்களால் அடையாளம் காண முடியாது. அதனால் அவற்றின் உதவி கிடைக்காது. அந்த நிலையில் துணைக்கு வருவது மண்ணீரலின் ஓர வட்டாரத்தில் இருக்கும் தனிவகை பி செல்கள். அவற்றின் மேல் சிஆர்2 மிக நிறைய இருக்கிறது. சர்க்கரை உறையின் மேல் சி3டி ஒட்டியிருந்தால் அவை உடனே எழுந்துகொள்கின்றன. உங்களுக்குப் போட்டது பெரும்பாலும் இந்த வழியை நம்பிய, வெறும் சர்க்கரை ஊசியாக இருக்கலாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் அந்த மண்ணீரல் வட்டாரம் முதிர்ந்திருப்பதில்லை. அங்குள்ள பி செல்களில் சிஆர்2உம் குறைவு. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் அளவே பெரியவர்களைவிடக் குறைவு. அதனால் வெறும் சர்க்கரை ஊசி குழந்தைக்குப் பலிப்பதில்லை. சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால், புரதத்தைக் கண்டு டி செல்கள் உதவிக்கு வந்துவிடும். இப்படிப் பிணைத்த ஊசியைத்தான் பேரனுக்குப் போட்டார்கள். மியன்மாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2016இல் சேர்ந்தது. அதற்கு முன்பே 2012இல் வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியில் உள்ள ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுவென்சா பி என்னும் கிருமிக்கான) பகுதியும் இதே முறையில் பிணைத்ததுதான். இப்போது பெரியவர்களுக்கும் பிணைத்த ஊசி கிடைக்கிறது. அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதே காரணத்தால், தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகைக்காக மண்ணீரலை எடுக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் அந்த நோய் அரிதன்று. அறுவைக்கு நாள் குறித்திருந்தால், குறைந்தது 2 வாரத்துக்கு முன்பே நியூமோகாக்கஸ் முதலிய ஊசிகளைப் போட்டுவிடக் கேளுங்கள்.

கேள்வி: என் நாத்தனாருக்கு லூபஸ் நோய். இரத்தப் பரிசோதனையில் சி3, சி4 இரண்டும் குறைவு என்று வந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தபின், அவருக்கு எதிர்ப்பொருளே உண்டாகாதோ, தடுப்பூசி வீணோ என்று பயமாக இருக்கிறது.
(இல்லத்தரசி, தட்டோன்)

பதில்: சகோதரி, பயப்படத் தேவையில்லை. லூபஸில் எதிர்ப்பொருள் குறைவதன்று நோய். சொந்த உடம்புக்கே எதிராக அளவுக்கு மீறி உண்டாவதுதான் நோய். அந்த எதிர்ப்பொருள்கள் ஆன்டிஜெனோடு சேர்ந்து கட்டிக்கொண்ட திரள்கள் காம்ப்ளிமென்டை ஓயாமல் செலவழிக்கின்றன. வரவைவிடச் செலவு மிகுவதால்தான் சி3, சி4 குறைந்து காட்டுகின்றன. நோய் அடங்கும்போது அவை பெரும்பாலும் மீண்டும் ஏறும். சி3க்கு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 90 முதல் 180 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறும்.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. சி1க்யூ, சி4 போன்ற தொடக்கநிலைக் காம்ப்ளிமென்ட் புரதங்கள் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மிக அதிகம். காம்ப்ளிமென்ட் எதிர்ப்பொருளைக் கூட்டுமென்றால், அது இல்லாதவருக்கு எதிர்ப்பொருள் நோய் வருவானேன்? காம்ப்ளிமென்டுக்குத் துப்புரவு வேலையும் உண்டு என்பதே விடை. நம் சிவப்பணுக்களின் மேல் சிஆர்1 என்ற ஏற்பி இருக்கிறது. அது காம்ப்ளிமென்ட் ஒட்டிய திரள்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறது. மடிந்த செல்களின் எச்சங்களை அகற்றுவதிலும் காம்ப்ளிமென்டுக்குப் பங்குண்டு. குப்பை வாரப்படாவிட்டால் உடம்பு தன் குப்பையையே பகையென்று எண்ணத் தொடங்குகிறது.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, உயிரற்ற கிருமியால் ஆன ஊசிகளை லூபஸ் நோயாளிகளுக்குப் பொதுவாகப் போடுவதுண்டு, போடவும் வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆனவற்றை, எதிர்ப்பை அடக்கும் வலுவான மருந்துகள் உட்கொள்ளும் காலத்தில் தவிர்ப்பார்கள். அவர் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்பதைப் பார்த்து அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பரிசோதனை முடிவைக் கண்டவுடன் கலங்குவது பற்றியும் ஒரு சொல். நான் இளம் மருத்துவனாக ஓர் ஆய்வகத்தில் பழகிய காலத்தில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய ஒரு பிற்பகலில் மின்சாரம் நின்றுவிட்டது. குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய சீரக் குழாய்களை நான்தான் மேசையிலேயே விட்டுவிட்டேன். அப்போது நாங்கள் செய்தது காம்ப்ளிமென்டின் ஆற்றலை அளக்கும் சோதனை. ஆட்டின் சிவப்பணுக் கலவை உடைந்தால் மங்கலான சிவப்பு தெளிந்து மாதுளைச் சாறு போலாகும். அன்று பன்னிரண்டு குழாயிலும் கலவை மங்கலாகவே நின்றது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் காம்ப்ளிமென்ட் வற்றிப்போயிருக்க முடியாது; ஏப்ரல் வெயில்தான் அதைத் தின்றிருந்தது. அவர்களைத் திரும்ப வரச் சொல்லி மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. திட்டு முழுவதும் எனக்கு. சி3இன் அளவைப் பார்க்கும் சோதனை இவ்வளவு எளிதில் கெடாது. ஆற்றலைப் பார்க்கும் சோதனை கெட்டுவிடும்.

கேள்வி: கிருமிகள் இந்த ஏற்பியை ஏமாற்றுவது உண்டா?
(வாசகர், மண்டலே)

பதில்: உண்டு. எப்ஸ்டைன்-பார் வைரஸ் பி செல்லுக்குள் நுழையும் கதவே சிஆர்2தான். சி3டி பிடிக்கும் அதே நுனிப் பகுதியை வைரஸின் புரதம் பிடித்துக்கொள்கிறது. அந்த வைரஸ் உலகில் பெரும்பாலான பெரியவர்களின் உடலில் வாழ்நாள் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கிறது. மலேரியாவின் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியும் சிவப்பணுவுக்குள் புகும் வழிகளுள் ஒன்றாகச் சிஆர்1ஐப் பயன்படுத்துகிறது.

கேள்வி: காம்ப்ளிமென்டைக் கூட்ட என்ன சாப்பிடலாம்? முருங்கைக் கீரைச் சாறு நல்லது என்கிறார்களே?
(வாசகி, யாங்கூன்)

பதில்: முருங்கைக் கீரை நல்ல கீரை, சாப்பிடுங்கள். காம்ப்ளிமென்டை ஏற்றுவதற்கென்று எந்தச் சாறும் கிடையாது. கல்லீரல் நன்றாக இருந்து, வயிறார உண்பவருக்கு அது தானே வேண்டிய அளவு இருக்கும்.

கேள்வி: சி3டி ஒட்டினால் பி செல் எளிதில் விழிக்கும் என்றால், எல்லாத் தடுப்பூசியிலும் அதை ஒட்டிவிட்டால் ஒரே தவணையில் வேலை முடியாதா?
(மருந்தகப் பணியாளர், மோல்மீன்)

பதில்: இதே எண்ணம் 1996இல் ஃபியரன் குழுவினருக்கும் வந்தது. கோழி முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்னும் புரதத்தோடு சி3டியை மரபுப் பொறியியலால் கோத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். இரண்டு சி3டி கோத்தபோது, வெறும் லைசோசைமைவிட எதிர்ப்பொருளைத் தூண்டும் திறன் 1,000 மடங்கும், மூன்று கோத்தபோது 10,000 மடங்கும் உயர்ந்தது. அந்தக் கட்டுரை வந்தபோது எங்கள் துறையில் பெரும் பரபரப்பு எழுந்தது. நானும் அதைப் படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தேன். பின்னர் வெவ்வேறு கிருமிகளின் புரதங்களோடு கோத்துப் பார்த்தபோது சிலவற்றில் நன்றாகவே பலித்தது. சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஒற்றைச் சி3டி மட்டும் கோத்த சில சோதனைகளில் எதிர்ப்பொருள் குறையவும் செய்தது. ஏற்பிகள் ஒன்றாக இழுத்துக் கட்டப்பட வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒரே ஒரு சி3டி அவற்றைத் திரட்டிக் கட்டாமல், அடுத்து வருவதற்கு இடமும் விடாமல், வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடக்கூடும். எத்தனை துண்டு, எந்த இடத்தில், எந்தப் புரதத்தோடு என்பது ஒவ்வொரு தடுப்பூசிக்கும் தனித்தனியே கண்டுகொள்ள வேண்டியதாக இருப்பதால், நீங்கள் மருந்தகத்தில் எடுத்துக் கொடுக்கும் தடுப்பூசி எதிலும் சி3டி கோக்கப்படவில்லை. ஆனாலும் ஊசி போட்ட இடத்திலும் அதன் நிணநீர் முடிச்சிலும் உடம்பு தன் சொந்தச் சி3ஐ அந்த ஆன்டிஜெனின் மேல் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.